மூன்றாம் சரணம்

செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் குட்டியும் மாமாவும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. ஆவலாவது ஒன்றாவது. பயம் என்று எழுதுவதுதான் நியாயம். உங்கள் கப்பலிலிருந்து சேதி வந்து இன்றோடு பதினொரு நாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கப்பல்காரன் பெண்டாட்டி கடிதத்தில் மூக்கைச் சிந்தக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டீர்கள். நான் சிந்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். இது நீங்கள் அடுத்துப் போகவேண்டிய துறைமுகத்துக்கு, ஏஜெண்ட் ஆபீஸ் விலாசத்துக்குப் போகிறது. நீங்கள் இன்ஜின் ரூமிலிருந்து எண்ணெய்க் கையோடு ஏறி வந்து தபாலைக் கேட்கும்போது கடிதக் கட்டுக்கு மேலே இதுதான் முதலில் இருக்க வேண்டும்.

கம்பெனி ஆபீசுக்குத் தினமும் போகிறேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கிளார்க் உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு ‘நாளைக்கு ஐயா’ என்று பேர் வைத்துவிட்டேன். கப்பல் எங்கே இருக்கிறது என்றால் நாளைக்குத் தெரியும்மா என்பார். ரேடியோ பழுதா என்றால் நாளைக்குச் சொல்றேன் என்பார். கடைசியாக வந்த சேதியில் காற்று பலமாக இருக்கிறது, வேகத்தைக் குறைத்துப் போகிறோம் என்று மட்டும் இருந்ததாம். ரேடியோ கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதாம்மா என்றார். அவ்வளவுதான் என்று சொல்ல அவருக்கென்ன வலிக்கிறது, அவர் நாற்காலி தண்ணீரிலா மிதக்கிறது?

குட்டிக்கு இன்னொரு பல் விழுந்துவிட்டது. கணக்கில் அறுபது வாங்கியிருக்கிறாள். அப்பா புத்தி அப்படியே என்று மாமா சொன்னார். சுவரில் ஒட்டிய உலகப் படத்தில் உங்கள் கப்பலுக்கு அவள் குண்டூசி குத்தி வைத்திருப்பாளே, அது பதினொரு நாளாக நடுக்கடலில் ஒரே இடத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நகர்த்தட்டுமாம்மா என்று கேட்கிறாள். இன்னும் கொஞ்சம் பொறு என்கிறேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. உங்கள் அப்பாதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாமா? காலையில் எழுந்ததும் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். சாயந்திரம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. நான் ஏதாவது கேட்டால் கர்த்தர் பெரியவர் என்கிறார். பெரியவர்தான், யார் இல்லை என்றது?

வருகிற ஞாயிறு ஆலயத்தின் ஆண்டு நாள். இந்த வருஷமும் கடல் பாட்டுத்தானாம். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, மாமா முப்பது வருஷத்துக்கு முன்னால் மெட்டுப் போட்ட பாட்டு, நாலு சரணமும் உங்களுக்குத் தூக்கத்திலும் வரும். ஆண்டவர் யுத்த வீரர் என்று ஒரு சரணம். அவர் ஊதினதும் கடல் பிளந்து இரண்டு பக்கமும் சுவராக நிற்க, ஜனங்கள் நடுவே நடந்து போகிறது இரண்டாவது. துரத்தி வந்த ராஜாவின் சேனையைக் குதிரைகளோடு கடல் மூடிக்கொள்வது மூன்றாவது. கரையில் பெண்கள் தம்புரு மேளம் அடித்து ஆடுவது நாலாவது. அந்த மூன்றாவதில்தானே உங்கள் ஆண் குரல்காரர்களுக்கு அவ்வளவு பெருமை! பாதாளம் வரைக்கும் குரலை இறக்கிப் பாடிவிட்டு, எப்படி என்று என் முதுகில் ஒரு குத்து வேறு.

அந்தப் பாட்டுத்தான் எனக்கு இந்த வருஷம் வேண்டாம். எபிரேயர்கள் வேதத்தில் வெற்றிப் பாட்டு ஒன்றா எழுதி வைத்திருக்கிறார்கள்? ஆண்டவர் முன்னால் மலை மெழுகாக உருகும் பாட்டு இருக்கிறது. நட்சத்திரங்கள் இறங்கி யுத்தம் பண்ணும் பாட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் அவர்தான் ஜெயிக்கிறார், யார் தடுத்தது? இதில் ஒன்றை எடுக்கலாமே மாமா என்று கேட்டேன். வருஷா வருஷம் பாடுறதை எதுக்கும்மா மாத்தணும் என்றார். இது மாதிரி ஒரு வருஷம் வந்ததில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். குட்டி பக்கத்தில் இருந்தாள், முழுங்கிவிட்டேன்.

பழைய பாட்டுத் தாள்களைப் பூச்சி அரித்துவிட்டது. புதிதாக இருநூறு பிரதி வேண்டுமாம். தட்டச்சு நிலையத்தில் வேலை பார்ப்பவள் மருமகளாக இருந்தால் இதுதான் வம்பு. வியாழக்கிழமை ஸ்டென்சில் அடிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேதி அனுப்ப வழி கிடைத்த அந்த நிமிஷமே அனுப்புங்கள். பாதி ராத்திரியானாலும் தந்தி வாங்கிக்கொள்வேன்.

உங்கள் சேதிக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வாயாடி

•

திங்கட்கிழமை

என் அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

முந்தின கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கல், தண்ணீர் என்ற பேச்சே இப்போது வேண்டாம். கடிதம் உங்களுக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது, அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். இன்றோடு பதினேழு நாள். நாளைக்கு ஐயா இன்றைக்கும் நாளைக்கு என்றார்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வியாழக்கிழமை ஸ்டென்சில் அடித்தேன். அது உங்களுக்குத் தெரியாது, ரிப்பன் இல்லாமல் மெழுகுத் தாளில் எழுத்தைக் குத்த வேண்டும். அடித்தது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கை போகிற போக்குத்தான். முதல் சரணம் அடித்தேன், இரண்டாவது அடித்தேன். மூன்றாவதன் முதல் வார்த்தைக்குக் கை வரவில்லை. எழுந்து போய் ஒரு டீ குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். அடித்து முடித்தேன். முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் அடித்தது நாலாவது சரணம்.

தெரிந்து செய்தாயா, தெரியாமலா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. சரி, கொஞ்சம் தெரியும்.

எப்போதும் போல முதல் பிரதி ஒன்று எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தால் ஒரு புள்ளி தப்பாது. மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், பிடித்துவிடுவார், பிடித்துவிட்டால் அடித்துச் சேர்த்துவிடலாம், நம் கையில் ஒன்றும் இல்லை என்று. மறுநாள் காலை தாளைத் திருப்பிக் கொடுத்தார். அங்கங்கே இரண்டு சிவப்புக் கோடு, கீழே ‘சரி’ என்று அவர் கையெழுத்து. நிலையத்தில் அதைப் பார்த்துப் பார்த்து மெழுகுத் தாளில் திருத்தும் மையைத் தடவினேன். என்ன திருத்தினேன் என்றுகூட நினைவில்லை, மனசு கம்பெனி ஆபீஸ் வாசலில் நின்றது. இருநூறு பிரதியும் ஓட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலில் நின்று தாளைக் கொடுத்தார். எல்லாரும் தாளைப் பாத்துப் பாடுங்க, யாரும் மனப்பாடமா பாட வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். நம் ஆட்கள் என்றைக்குக் கேட்டிருக்கிறார்கள்? இரண்டு சரணம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் பிடித்தது பாருங்கள் சனி. தாளைப் பார்த்த பெண்கள் நாங்கள் நாலாவதுக்குப் போய்விட்டோம். உங்கள் கூட்டாளிகள் நாலு பேரும் பழக்கதோஷத்தில் மூன்றாவதுக்கு இறங்கிவிட்டார்கள். மேலே நாங்கள் தம்புரு அடித்து ஆடுகிறோம், கீழே அவர்கள் சேனையை அமிழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டோம். அந்த நாலு ஆண் குரல் மட்டும் தனியாகக் கேட்டது, கடல் வந்து மூடுகிறதை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு. பின் வரிசை ஓரத்தில் உங்கள் இடம் காலி. அங்கே பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை அத்தான். பெஞ்சிலிருந்து குட்டி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

மாமா தாளம் காட்டும் குச்சி அப்படியே மேலே நின்றது. மின்விசிறி கழன்று விழுந்த வருஷம்கூடப் பாட்டை நிறுத்தாத மனிதர். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, தாளில இருக்கிறபடி என்று மட்டும் சொல்லி நாலாவதைத் தொடங்கிக் கொடுத்தார்.

முடிந்ததும் அங்கி மாற்றுகிற அறையில் தையல்காரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷனைப் படகோடு பறிகொடுத்தவள். அந்தச் சரணத்தை விட்டவ கைக்கு முத்தம் கொடுக்கணும்டி என்றாள். அவள் ஆறு வருஷமாக அதைப் பாடினதே இல்லையாம், வாயை மட்டும் அசைப்பாளாம். பக்கத்தில் கிரேன்காரர் மனைவி, நானும்தான் என்றாள், அவள் தம்பி மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். அப்புறம் பார்த்தால் அந்த அறையில் பாதிப் பேர் வாயசைப்புக் கோஷ்டி!

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, மூன்றாம் சரணத்தில் பெண்கள் குரல் விழுந்துவிடுகிறது, மூச்சு போதவில்லை என்று மாமா வருஷக்கணக்கில் எங்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பாரே? மெழுகுவர்த்தியை அணையாமல் ஊதச் சொல்வாரே? எங்களுக்கு மூச்சு குறைந்ததே இல்லை. உங்கள் பாட்டு எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். துரத்தி வந்தவர்கள் கெட்டவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வீட்டிலும் எவளோ ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் இல்லையா? குதிரைங்க என்னம்மா பண்ணுச்சு என்று குட்டி கேட்கிறாள். போய்த் தூங்கு என்று விரட்டுகிறேன்.

இன்னொன்று உறுத்துகிறது. சொன்னால் பைத்தியம் என்பீர்கள். ஆண்டவருடைய வெற்றியை நான் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் இதை மனசில் வைத்துக்கொண்டால்? அதுவும் கடல் அவர் கையில் இருக்கும்போது? அவரிடம் நேற்றிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அதோடு சேர்த்து, பெரியவராக இருக்கிறவர் ஒரு தட்டச்சுக்காரியிடம் கணக்குத் தீர்க்கலாமா என்று சண்டையும் போடுகிறேன்.

மாமா இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டிவிட்டால்கூடத் தேவலை. நாளைக்கு நானே சொல்லிவிடப் போகிறேன்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு,
உங்கள் வாயாடி

•

வியாழக்கிழமை

என் உயிரான அத்தானுக்கு,

இருபது நாள்.

முதலில் ஆபீஸ் விஷயம். நாளைக்கு ஐயா இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து தடுப்புக்கு வெளியே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கம்மா என்றார். இத்தனை நாள் அந்த மனிதரைத் திட்டினேனே, ஐயா, தயவுசெய்து நாளைக்கென்றே சொல்லுங்கள் என்று காலில் விழலாம் போல இருந்தது. அந்த வழியில் போகும் இரண்டு கப்பல்களிடம் தேடச் சொல்லியிருக்கிறார்களாம். இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லையாம். கண்ணில் படவில்லை என்றால் உடைந்ததாகவும் எதுவும் படவில்லை, அதை நல்ல சேதியா எடுத்துக்குங்கம்மா என்றார். எடுத்துக்கொண்டேன். கொடுத்தவர் முகத்தில்தான் அந்த நல்ல சேதி இல்லை.

இனி மாமா விஷயம். செவ்வாய்க்கிழமை காலை, சரணத்தை விட்டது நான்தான் மாமா என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போடப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பாலிஷ் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நேற்று நிலையத்தில் பிரதி ஓட்டும் சைக்ளோஸ்டைல் மெஷினில் மை கொட்டிவிட்டது. துடைக்கக் கழிவுத் தாள் தேடி இழுப்பறையைக் கிளறினபோது மாமா திருத்திக் கொடுத்த அந்த முதல் பிரதி கையில் வந்தது. துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். நான் கை போன போக்கில் சரணங்களுக்கு ஒன்று, இரண்டு, நாலு என்று எண் போட்டிருக்கிறேன். அந்த நாலை அவர் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் மூன்று என்று எழுதியிருக்கிறார்.

புரிகிறதா அத்தான்? ஒரு புள்ளி விட்டுப்போனால் வட்டம் போடுகிற மனிதர், முழுச் சரணம் விட்டுப்போனதைப் பார்த்திருக்கிறார். பார்த்து, சந்து தெரியாமல் மூடிவிட்டு, கீழே சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். நான் அந்த மூன்றை என் கையாலேயே மெழுகுத் தாளில் திருத்தியிருக்கிறேன், குருடி மாதிரி.

மத்தியானமே வீட்டுக்கு வந்து தாளை அவர் முன்னால் வைத்தேன். அந்தச் சிவப்பு மூன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டார். முப்பது வருஷமா அந்தச் சரணத்துல குச்சியை ஓங்கி இறக்கியிருக்கேம்மா, இந்த வருஷம் கை இறங்காதுன்னு தெரிஞ்சுது, நீ விட்டிருந்தே, நான் விட்டுட்டேன் என்றார். சொல்லிவிட்டு அழுதார். உங்கள் அப்பா அழுது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். கடிதத்தில்தானே மூக்கைச் சிந்தக் கூடாது, வீட்டில் சிந்தலாம்.

எனக்கிருந்த பயத்தை, ஆண்டவர் வெற்றியை எடுத்துவிட்டேனே என்ற பயத்தை, அவரிடம் சொன்னேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். அதை உங்களுக்கு எழுதத்தான் இந்தக் கடிதமே. கடல் மூடினதுதான் அவரோட பலம்னு இத்தனை வருஷம் பாடிட்டேன், தண்ணியை விட்டா தானா மூடிக்கும், அதுக்கு என்ன பலம் வேணும் என்றார். ராத்திரி பூரா ரெண்டு பக்கமும் நிறுத்திப் பிடிச்சாரே, கைக்குழந்தைக்காரி, நடக்க முடியாத கிழவன், கடைசியா வந்த நொண்டி ஆடு வரைக்கும் தாண்டட்டும்னு கையை எடுக்காம நின்னாரே, அதுதாம்மா பலம் என்றார். அது ரெண்டாவது சரணம், அதைத்தான் நான் அவசர அவசரமா பாட வச்சுக்கிட்டிருந்தேன் என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

எனக்குச் சமாதானம் ஆகிவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குதிரைகளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன பாடு என்பது இந்த இருபது நாளில் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நேற்றுச் சாயந்திரப் பயிற்சியில் மாமா இரண்டாம் சரணத்தை மட்டும் எடுத்தார். மெதுவாக. தண்ணீர் சுவராக நிற்கிற அடியில் குச்சியை மேலேயே நிறுத்திக்கொண்டார், இறக்கவே இல்லை. நாங்களும் விடவில்லை. மெழுகுவர்த்தி ஒன்றும் தேவைப்படவில்லை. ஆண்கள் நாலு பேருக்கும் மூச்சு முட்டி நின்றுவிட்டது. தையல்காரக்காதான் கடைசிவரை இழுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு. அவளுக்குத் தாண்டி வர இனி யாரும் இல்லை. அவள் அதை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குட்டி இன்று என்னைக் கேட்காமலேயே குண்டூசியை நகர்த்திவிட்டாள். துறைமுகத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறீர்கள். நான் தொடவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

மாமாவையும் நாலு வரி எழுதச் சொன்னேன். பென்சிலைச் சீவினார், சீவினார், முனை முறியும்வரை சீவினார். கடைசியில், நீயே எழுதிடும்மா, அவன் இடத்துல யாரையும் நிக்க விடலன்னு மட்டும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.

எனக்குப் பெரிய கடிதம் வேண்டாம். ‘இருக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை போதும். கோணல்மாணலாக எழுதினாலும் சரி, எண்ணெய்க் கறையோடு வந்தாலும் சரி, யார் கையிலாவது கொடுத்தனுப்பினாலும் சரி. நீங்கள் வந்து அந்த மூன்றாவதைப் பாடுங்கள், எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் குரலை இறக்குங்கள், என் முதுகில் குத்துங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன்.

இதற்கு மேல் எழுதுவது உங்களுக்கு இல்லை, அவருக்கு. ஆண்டவரே, இருபது நாளாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர், கை கடுக்கும், தெரியும். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் இன்னும் கரையேறவில்லை. அவர் ஏறும்வரைக்கும் கையை எடுத்துவிடாதேயும்.

இங்கே தானும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வாயாடி